ஒரு மீனின் வாயும் அதன் வரலாறும்

1764ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு மீனைப் பற்றிய கடிதம் வெளியாயிற்று. ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹன் ஆல்பர்ட் ஷ்லோசர், இலண்டனில் வாழ்ந்த பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதம் அது. டச்சுக்காரர் வசமிருந்த படாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வாயிலிருந்து நீர்த்துளியை அம்புபோல் எய்து பூச்சிகளை வீழ்த்தும் மீன் ஒன்று உண்டு என்பதே அதன் சாரம். அங்கிருந்த மருத்துவமனையின் பொறுப்பாளர் ஹொம்மெல் இதைச் செவிவழிச் செய்தியாக விட்டுவிடவில்லை. பெரிய அகன்ற பாத்திரமொன்றில் கடல்நீரை நிரப்பி, அம்மீன்கள் சிலவற்றைப் பிடித்து அதில் விட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் நீரை மாற்றினார். மீன்கள் சிறைவாழ்வுக்குப் பழகியபின், மெல்லிய குச்சியின் நுனியில் ஈயொன்றை ஊசியால் குத்திப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்தார். மீன்கள் குறி தவறாமல் எய்தன.

சோதனையில் பிழையில்லை. பிழை பின்னர் நேர்ந்தது. கடிதத்தோடு ஐரோப்பாவுக்கு வந்த மீனும் அதைப் பார்த்து வரையப்பட்ட படமும் அம்பெய்யும் மீனுடையவை அல்ல. அவை, வெண்ணிற உடலில் செம்பு நிறப் பட்டைகளும் முதுகுத் துடுப்பில் கண்போன்றதொரு கரும்பொட்டும் உடைய, நீண்ட மூக்கு வாய்ந்த வண்ணத்துப்பூச்சி மீனுடையவை. இன்று கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் பெரிதும் விரும்பும் செம்புப்பட்டை மீன் இதுவே. நீண்டு குழல்போல் அமைந்த அதன் வாயைக் கண்டவர்களுக்கு, இதுதான் அந்த ஊதுகுழல் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஹொம்மெல் பின்னர் அனுப்பிய செய்திகளையும் மீன்களையும் கொண்டு, உண்மையில் அம்பெய்யும் மீனை பல்லாஸ் 1767இல் வருணித்துப் பெயரிட்டார். ஆயினும் பழைய கதை எளிதில் மறையவில்லை. ஏடெழுதுவோர் ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் மூலபாடமாகக் கொள்வதைச் சுவடிப் பதிப்பு வரலாற்றில் நாம் காண்கிறோம் அல்லவா? இயற்கை வரலாற்று நூல்களிலும் அதுவே நடந்தது. 1880இல் வெளியான தமது நூலில், பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் குந்தர் இந்தக் குழப்பத்தைச் சுட்டி, அந்த நீண்ட மூக்கு துளைகளிலும் இடுக்குகளிலும் ஒளிந்திருக்கும் சிற்றுயிர்களை வெளியே எடுப்பதற்கானது என்று எழுதினார்.

அந்த மீனின் பெயரே அதன் உணவைப் பற்றிய குறிப்பொன்றைத் தாங்கி நின்றது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. 1758இல் லின்னேயஸ் இம்மீன்களுக்கு இட்ட கீட்டோடான் என்னும் பேரினப் பெயர், கிரேக்கத்தில் மயிர்போன்ற பல்லுடையது எனப் பொருள்படும். கடித்துக் கிழிக்கும் பற்கள் அல்ல அவை. தூரிகைபோல் நெருங்கி நிற்பவை, கொறிப்பதற்கும் பொறுக்குவதற்கும் உரியவை.

வீட்டுக் கூடத்துக்குள் கடலைக் கொணரும் ஆசை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பெருகிற்று. இலண்டன் ரீஜெண்ட் பூங்காவிலுள்ள உயிரியல் தோட்டத்தில் 1853இல் பொதுமக்களுக்கான மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' நூல் வெளிவந்தது. உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் ஆக்கும் முறையையும் அவர் அதே ஆண்டில் வெளியிட்டார். ஆனால் அன்றைய கண்ணாடித் தொட்டிகளில் வாழ்ந்தவை பெரும்பாலும் இங்கிலாந்துக் கரையோரத்துக் கடற்சாமந்திகளும் நண்டுகளும் சிறுமீன்களுமே. வெப்பக் கடலின் வண்ணத்துப்பூச்சி மீன் கப்பலில் பல வாரம் உயிரோடு பயணம் செய்வதற்கு வழியிருக்கவில்லை. அதுவே அப்போதைக்கு அதற்குக் காப்பாயிற்று. இங்கிலாந்தின் கரையோரக் குட்டைகளுக்கு அந்தக் காப்பு வாய்க்கவில்லை. தந்தையின் நூல்களைப் படித்து வலையும் ஜாடியுமாக வந்த கூட்டத்தால் அவை சூறையாடப்பட்டதை, மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியான தம் நினைவு நூலில் துயரத்தோடு பதிவு செய்தார்.

வெப்பக் கடல் மீன்களின் ஏற்றுமதி இலங்கையில் 1930களில் மிகச் சிறிய அளவில் தொடங்கியது. விமானப் போக்குவரத்து பெருகிய பின் அது உலக வணிகமாயிற்று. 1960களில் பிலிப்பைன்ஸ் கடலில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் கொடிய வழக்கமும் பரவியது. ஏறத்தாழ 130 வகைகளைக் கொண்ட இக்குடும்பத்து மீன்களின் குஞ்சுகள், தலையை எலும்புத் தகடுகள் மூடிய நிலையில் நெடுநாள் திறந்த கடலில் மிதப்பவை. குஞ்சை வேற்று மீனென்று எண்ணிக் குந்தரே தனிப் பேரினப் பெயர் சூட்டிய அளவுக்கு அது தாயினின்றும் வேறுபட்டது. அவற்றைத் தொட்டியில் வளர்த்தெடுப்பது அரிது. ஆகவே கடைக்கு வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களில் மிகப் பெரும்பாலானவை கடலில் பிறந்தவையே.

இவ்வரலாற்றில் ஜகார்த்தா மீண்டும் இடம்பெறுவது ஒரு சுவையான ஒற்றுமை. அந்நகரைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பவளங்களையும் சிற்றுயிர்கள் குடியிருக்கும் பாறைத் துண்டுகளையும் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளையும் வெளிச்சத்தையும் மட்டும் துணைகொண்டு கடலுயிர்களைக் காத்த முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். கிருமிகள் அற்ற வெறுமையான தொட்டியே நல்ல தொட்டி என்று நம்பப்பட்ட காலம் அது. பாறையில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவின் நஞ்சை மாற்றுகின்றன. பாறையின் புழுக்களும் சிற்றிறால்களும் மீனுக்கு இரையாகின்றன. செம்புப்பட்டை மீனுக்கு இது பெரும்பேறு. நாளெல்லாம் இடுக்கு இடுக்காகத் துழாவுவதே அதன் இயல்பு. நீரில் மிதந்து வரும் உலர்ந்த தீனியை அது உணவென்றே அறிவதில்லை.

அனுபவமுள்ள வளர்ப்போர் கண்ட வழிகள் அனைத்தும் குந்தரின் அந்த ஒற்றை வாக்கியத்துக்கு உரைபோல அமைந்தவை. மட்டியின் ஓட்டைச் சற்றே திறந்து தொட்டியின் அடியில் வைப்பார்கள். மூக்கை நுழைத்துச் சதையைக் கொத்த அது கற்றுக்கொள்ளும். உயிருள்ள ஆர்ட்டீமியாவில் தொடங்கி, உறைந்த மைசிஸ் இறாலுக்கு மெல்லப் பழக்குவார்கள். ஒருமுறை மிகுதியாக அன்றி, நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக இடுவார்கள். தின்னாமல் எஞ்சுவதை உடனே அகற்றுவார்கள். இல்லையேல் ஊட்டிய கையே நீரை நஞ்சாக்கிவிடும். விரைந்து தின்னும் மீன்கள் இல்லாத அமைதியான தொட்டியில் முதல் சில வாரங்கள் வைத்திருப்பார்கள். கடையிலேயே, தங்கள் கண்முன் அது இரை எடுப்பதைப் பார்த்த பிறகே வாங்குவார்கள்.

ஆனால் எல்லா வாய்களுக்கும் இவ்வழிகள் பொருந்துவதில்லை. ஆப்பிரிக்கப் பயணங்களால் பின்னர் புகழ்பெற்ற மங்கோ பார்க், இளமையில் சுமாத்திராவுக்குச் சென்று வந்து 1797இல் எட்டு மீன்களை வருணித்தார். அவற்றுள் ஒன்றான கீட்டோடான் டிரைபேசியேட்டஸ் பவள உயிரிகளைத் தின்றே வாழ்வது. அதன் உறவான கீட்டோடான் டிரைபேசியாலிஸ் இன்னும் கண்டிப்பானது: அக்ரோபோரா என்னும் பவளப் பேரினத்தையே ஏறக்குறைய முழுவதும் நம்பியிருப்பது. இவற்றின் முன் நாம் எதைக் கொட்டினாலும், உணவு சூழ்ந்த இடத்திலேயே பசியால் மெலிந்து மடியும். வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றும்போது வண்ணம் மட்டும் மங்காதிருக்கும். அழகைப் பார்த்து வாங்கியவர் பல நாட்கள் ஒன்றும் அறியமாட்டார். விற்பவர் அறிந்தும் சொல்லாதிருப்பது உண்டு. இத்தகைய மீன்களை வளர்ப்பதில் திறமைக்கு இடமில்லை; வாங்காமல் விடுவதே அறம் என்பது நம் கருத்து.

கடலிலும் இப்பசி தொடர்கிறது. 1998இலும் 2016இலும் கடல்நீர் சூடேறியதால் உலகெங்கும் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தன. 2016இன் வெளுப்புக்கு முன்னும் பின்னும் இந்திய, பசிபிக் கடற்பகுதிகளில் வண்ணத்துப்பூச்சி மீன்களை உற்றுநோக்கிய ஆய்வொன்று 2018இல் வெளியானது. தத்தம் பவளத்தைக் காக்க அவை ஒன்றோடொன்று பொருதுவது மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. அதை அமைதி என்று நாம் கொள்ள இயலாது. சண்டையிடும் தெம்பும் இல்லை, சண்டையிட்டுக் காக்கத்தக்க உணவும் இல்லை.

படாவியாவில் நேர்ந்த பிழை மீனைக் கொல்லவில்லை; ஏடுகளில் மட்டுமே ஒரு மீனுக்கு இன்னொன்றின் வாய் வாய்த்தது. இன்று நம் கூடத்தில் அதே பிழை நேர்ந்தால் விலை கொடுப்பது மீன்தான். ஹொம்மெல் தம் தொட்டியருகே செய்ததை நாமும் செய்யலாம்: நீரை மாற்றி, பழகும்வரை காத்திருந்து, அது எதை எப்படி உண்கிறது என்று கண்ணால் பார்த்தபின் அதைப் பற்றிப் பேசலாம்.