லா அண்டு ஆர்டர் தொடரில் நடிகர் மாற்றங்கள்

லா அண்டு ஆர்டர் என்பது டிக் வுல்ப் உருவாக்கிய அமெரிக்கக் குற்றவியல் தொலைக்காட்சித் தொடர் ஆகும். என்பிசி தொலைக்காட்சியில் 1990 முதல் 2010 வரை 20 பருவங்களாக, 456 அத்தியாயங்கள் ஒளிபரப்பானது. 2022 இல் மீண்டும் தொடங்கியது. முதற்பருவத்தின் முதன்மை நடிகர்களுள் கடைசியாக எஞ்சியிருந்த ஸ்டீவன் ஹில் 2000 இல் விலகினார். அதன் பின்னரும் தொடர் நீடித்ததற்கு அதன் கதையமைப்பு முக்கியக் காரணமாகும்.

ஒவ்வோர் அத்தியாயத்தின் முற்பாதியில் நியூயார்க் காவல்துறையினர் குற்றத்தைத் துப்பறிவர். பிற்பாதியில் அரசு வழக்கறிஞர்கள் வழக்கை நடத்துவர். பெரும்பாலும் ஒரு வழக்கு ஒரே அத்தியாயத்தில் முடிந்துவிடும். கதைமாந்தரின் குடும்ப வாழ்க்கை குறைவாகவே காட்டப்பட்டது. இதனால் ஒருவர் விலகினால், அதே வேடத்தை வேறொருவருக்குக் கொடுக்காமல், புதிய பெயரும் குணமும் கொண்ட ஒருவரை அந்தப் பதவியில் அமர்த்த முடிந்தது.

முதற்பருவத்துக்குப் பின் ஜார்ஜ் சுண்ட்சா விலகியதும், அவர் நடித்த துப்பறிவாளர் சுட்டுக் கொல்லப்பட்டதாகக் கதை அமைக்கப்பட்டது. அவ்விடத்துக்கு வந்த பால் சொர்வினோவும் நீண்டகாலம் நீடிக்கவில்லை. 1992 இல் வந்த ஜெரி ஓர்பாக், லென்னி பிரிஸ்கோவாக 2004 வரை நடித்தார்.

தொடக்கத்தில் முதன்மை நடிகர்கள் ஆறு பேரும் ஆண்களே. பெண்களைச் சேர்க்குமாறு தொலைக்காட்சி நிறுவனம் வற்புறுத்தியதால், 1993 இல் டான் புளோரெக், ரிச்சர்ட் புரூக்ஸ் இருவரும் நீக்கப்பட்டனர். எபாத்தா மெர்க்கர்சன், ஜில் ஹென்னெசி ஆகியோர் சேர்க்கப்பட்டனர். காவல் அதிகாரியாக நடித்த மெர்க்கர்சன் 2010 வரை நீடித்தார்.

மாற்றங்கள் தொடரின் போக்கையும் மாற்றின. மைக்கேல் மொரியார்ட்டி நடித்த வழக்கறிஞர் பென் ஸ்டோன் மனச்சான்றுக்கு அஞ்சி நிதானமாக வாதிடுபவர். 1994 இல் அவருக்குப் பதிலாக வந்த சாம் வாட்டர்ஸ்டனின் ஜாக் மெக்காய், வெற்றிக்காகச் சட்டத்தின் எல்லைவரை செல்லத் தயங்காதவர். இதனால் குற்றவாளி யார் என்பதோடு, தண்டனை பெற்றுத்தர அரசு எதுவரை செல்லலாம் என்ற கேள்வியும் கதைகளில் வலுப்பெற்றது.

எல்லா இடங்களும் எளிதில் நிரம்பவில்லை. ஓர்பாக் விலகிய பின், 2008 வரையிலான நான்கு பருவங்களில் துப்பறிவாளர் எட் கிரீனுக்கு டெனிஸ் பரீனா, மிலேனா கோவிச், ஜெரமி சிஸ்டோ என மூவர் அடுத்தடுத்து இணையாக வந்தனர். வாட்டர்ஸ்டன் 2024 இல் விலகியபோது, மாவட்ட அரசு வழக்கறிஞர் பதவியில் டோனி கோல்ட்வின் நடித்த புதிய கதைமாந்தர் அமர்ந்தார்.