பணம் காக்கும் தொழிலும் எழுத்தும்: திண்டுக்கல் சமவெளியிலிருந்து ஒரு வரலாறு

திண்டுக்கல்லிலிருந்து வடக்கே எரியோடு, வேடசந்தூர் என விரியும் சமவெளி, மழை பொய்த்தால் வெள்ளாமையும் பொய்த்துவிடும் மானாவாரி நிலமாகும். இந்த வட்டாரத்தில் பூட்டுத் தொழில் வேரூன்றியதற்குத் தண்ணீர்ப் பற்றாக்குறையையும் இரும்பு கிடைத்த வசதியையும் சேர்த்தே காரணமாகக் கூறுவர். நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, கமலாபட்டி, யாகப்பன்பட்டி ஆகிய இடங்களில் கைவேலையாக வளர்ந்த இத்தொழில், வீட்டுக் கதவையும் கோயில் கதவையும் மட்டுமன்றி, பணமும் நகையும் பத்திரமும் வைக்கும் பெட்டிகளையும் அலமாரிகளையும் காத்து வந்தது. நிதித் தொழில்நுட்பம் என்று இன்று வழங்கப்படுவது, அதாவது பணத்தைப் பாதுகாக்கவும் கணக்கிடவும் கைமாற்றவும் வேண்டிய கருவிகளையும் முறைகளையும் உருவாக்கும் தொழில், கணினியோடு பிறந்ததன்று. அதன் பழைய வடிவங்களுள் ஒன்றாகத் திண்டுக்கல் பூட்டைக் கொண்டால், அதைச் செய்தவர்கள் தம் செய்முறையை எழுதிவைத்தார்களா, வைக்காதபோது என்ன நேர்ந்தது என்ற கேள்வி எழுகிறது. இன்றைய நிதி நிறுவனப் பொறியாளர்கள் தம் வேலையின் உள்விவரங்களை ஊரறிய எழுதத் தொடங்கியிருப்பதன் பொருளும் அந்தக் கேள்வியின் வழியேதான் தெளிவுபடும்.

திண்டுக்கல் பூட்டின் உயிர் அதனுள் அடுக்கப்பட்ட லீவர்களில் இருக்கிறது. லீவர் என்பது ஒரு முனையில் அச்சில் கோக்கப்பட்டு, வில்லின் அழுத்தத்தால் தன் இடத்தில் அமர்ந்திருக்கும் மெல்லிய தகடு. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு உண்டு. சாவியின் பற்கள் எல்லாத் தகடுகளையும் அதனதன் உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால்தான் வெட்டுகள் ஒரே கோட்டில் வந்து தாழ் நகர வழிவிடும்; ஒரு தகடு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தாழ் அசையாது. மாங்காய் வடிவத்தால் பெயர்பெற்ற மாங்காய்ப் பூட்டை ஐந்து, ஆறு, ஏழு லீவர்கள் வைத்துச் செய்வதுண்டு. சாவியின் பற்களை அரத்தால் ராவி, அந்தச் சாவிக்கேற்பத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, மீண்டும் ராவிச் சரிசெய்வதால், ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேர்வதில்லை. சாவியைத் திருப்பும்போது மணியடித்து வீட்டாரை உஷார்ப்படுத்தும் மணிப்பூட்டு, திருட்டைத் தடுப்பதோடு நில்லாமல் திருட்டு முயற்சியை அறிவிக்கவும் வேண்டும் என்று சிந்தித்த கம்மியர்களின் படைப்பாகும்.

இவ்வளவு நுட்பமும் கையிலும் கண்ணிலுமே தங்கியிருந்தது. பட்டறையில் அமர்ந்த சிறுவன் மூத்தவரின் கையைப் பார்த்துப் பழகினான். பூட்டின் உள்ளமைப்பு வெளியே தெரிந்தால் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடும் என்ற அச்சமும் வாயடைக்க வைத்தது. இந்த அச்சம் இங்கு மட்டும் இருந்ததன்று. 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியின்போது, ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், திறக்கவே முடியாதெனக் கருதப்பட்ட சப் நிறுவனத்தின் லீவர் பூட்டையும், பரிசுத் தொகை அறிவித்துக் கடைச் சாளரத்தில் வைக்கப்பட்டிருந்த பிராமா நிறுவனத்தின் பூட்டையும் திறந்து காட்டியபோது, இத்தகைய செய்திகளைப் பேசுவதே குற்றம் என்று பலர் கண்டித்தனர். 1853இல் ஹாப்ஸின் பொருளைக் கொண்டு சார்லஸ் டாம்லின்சன் தொகுத்த பூட்டு நூல் அதற்கு விடையளித்தது: திருடர்கள் தம் தொழிலை ஏற்கெனவே நன்கறிந்தவர்கள், குறையை மறைப்பதால் ஏமாறுபவர் பூட்டை வாங்கும் நேர்மையாளரே என்பது அதன் வாதம். முப்பது ஆண்டுகள் கழித்து, 1883இல், ஆகஸ்ட் கெர்க்காப்ஸ் இராணுவச் செய்திகளின் மறையெழுத்தைப் பற்றி எழுதுகையில், அமைப்பு முழுவதும் பகைவர் கையில் சிக்கினாலும் பாதுகாப்பு குலையக் கூடாது என்று வகுத்தார். இரகசியம் சாவியில் இருக்க வேண்டுமேயன்றிப் பூட்டின் கட்டமைப்பில் அன்று என்ற இக்கருத்தின்மேல்தான் இன்றைய வங்கிக் கணினிகளின் மறையாக்கம், அதாவது செய்தியைப் பிறர் படிக்க இயலாதவாறு மாற்றும் முறை, நிற்கிறது.

பூட்டுக்கு உள்ளே இருந்த பணத்தின் கணக்கைப் பற்றிய அறிவுக்கும் இதே கதைதான் நேர்ந்தது. தமிழில் கணக்கு நூல்களுக்குக் குறைவில்லை. காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், தானியம் ஆகியவற்றின் அளவைகளையும் அவற்றைக் கணக்கிடும் வழிகளையும் செய்யுளாகக் கற்பித்தது. ஆனால் கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் என்ற வணிகச் சமூகத்தாரின் கடைகள் எவ்வாறு நடந்தன என்பது எந்தச் செய்யுளிலும் ஏறவில்லை. பணப்பெட்டிக்கு அருகே அமர்ந்து எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், பேரேடு எழுதும் அடுத்தாளாகி, கடைப் பொறுப்பேற்கும் மேலாளாக உயர்வதே அங்கே கல்விமுறை. வரவையும் பற்றையும் நேர்செய்து ஐந்தொகை காட்டும் அவர்களது கணக்குமுறையின் செம்மை, பர்மாவில் 1929–30இல் அமைந்த மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை வழியாகத்தான் வெளியுலகுக்கு விரிவாகத் தெரிந்தது. அறிக்கை வெளிவந்த காலமோ உலகப் பெருமந்தம் அத்தொழிலை உலுக்கிய காலம். தொழில் செய்தவர் பேசாதிருக்க, அரசின் குழு தன் தேவைக்காக எழுதிய ஆவணமே அவர்களைப் பற்றிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக நிற்பது வருந்தத்தக்கது.

திண்டுக்கல் பூட்டுக்கும் எழுத்து தாமதமாகவே வந்தது. அலிகாரில் இயந்திரத்தால் செய்த மலிவான பூட்டுகள் சந்தையைப் பிடித்து, இளையோர் பட்டறையை விட்டு வேறு வேலை தேடிய பின்னர், பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விண்ணப்பத்தின் பேரில் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீடு என்பது ஒரு பொருளின் தன்மை அது பிறந்த இடத்தால் அமைகிறது என்பதற்கான சட்டப் பதிவு. அதற்காகப் பொருளின் விவரத்தையும் செய்முறையையும் எழுதித் தர வேண்டும், அது புவிசார் குறியீட்டு இதழில் வெளியாகும். பெயரைக் காப்பதற்கு அந்த ஆவணம் போதும்; ஆனால் ஒரு பையனை அரம் பிடிக்கக் கற்பிப்பது அதன் நோக்கமன்று.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான், பெங்களூரிலுள்ள ஜெரோதா என்ற பங்குத் தரகு நிறுவனத்தின் பொறியாளர்கள் 2024இல் எழுதி வெளியிட்ட ஒரு கட்டுரையின் அருமை புலப்படுகிறது. பங்கு வாங்கி விற்ற ஒவ்வொருவருக்கும் 24 மணி நேரத்துக்குள் ஒப்பந்தக் குறிப்பு, அதாவது அன்றைய பரிவர்த்தனைகளின் விலையும் கட்டணமும் வரியும் அடங்கிய ஆவணம், மின்கையொப்பத்துடன் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை உருவாக்கிக் கையொப்பமிட்டு அனுப்ப முன்பு 7, 8 மணி நேரம் பிடித்த வேலையை, எவ்வாறு 25 நிமிடங்களில் முடிக்கும்படி மாற்றியமைத்தனர் என்பதை அவர்கள் படிப்படியாக விவரித்தனர். முதலில் உலாவி மென்பொருளை வைத்துப் பக்கங்களை உருவாக்கியது, பின்னர் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு மாறியது, பக்கங்கள் மிகுந்த குறிப்புகளில் அது நினைவக வரம்பில் முட்டியது, இறுதியில் டைப்ஸ்ட் என்ற புதிய மென்பொருளைத் தேர்ந்தது என, பயன்படாமல் போன வழிகளும் அதில் பதிவாயின. வாடிக்கையாளரின் விவரமோ கையொப்பச் சாவியோ அதில் வெளிப்படவில்லை; அமைப்பை மட்டும் திறந்து வைத்தனர்.

இவ்வாறு எழுதுவதற்கு நேரம் செலவிடும் நிறுவனங்களின் காரணங்கள் பல. திறமுள்ள இளைஞர்கள் அதைப் படித்து வேலைக்கு வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு அவற்றுள் வெளிப்படையானது, அதில் குறைகாண ஒன்றுமில்லை. பிறர் இலவசமாகத் தந்த திறந்தமூல மென்பொருள்களின்மேல், அதாவது எவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய நிரல்களின்மேல் தம் தொழிலைக் கட்டியவர்களுக்கு, தாம் கற்றதைத் திருப்பித் தரும் கடமையும் உண்டு. எனினும் எல்லாவற்றினும் பெரிய காரணம் நினைவைக் காப்பதே. ஒரு பொறியாளர் வேலையை விட்டுச் சென்றபின், நிரல் என்ன செய்கிறது என்பது நிரலிலேயே தெரியும். ஏன் அவ்வாறு செய்யப்பட்டது, எந்த வழிகள் கைவிடப்பட்டன என்பது எழுதினாலொழிய எங்கும் தங்காது. வெளியார் படிப்பதற்காக எழுதும்போது, தமக்குள் புரிந்ததாக நினைத்திருந்த இடங்களும் மறுபரிசீலனைக்கு உள்ளாகின்றன.

இவ்வெழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. 2016இல் தொடங்கிய யுபிஐ முறையின் வழியே எரியோட்டுக் கடைக்காரரும் இன்று கைபேசியில் பணம் பெறுகிறார். அந்தப் பணம் எந்த வங்கிக் கணினியைத் தொட்டு, எங்கே சரிபார்க்கப்பட்டு வந்து சேர்கிறது, இடையில் தடைப்பட்டால் எங்கே நிற்கிறது என்பதை, அவரது பிள்ளை தமிழில் படித்தறிய எழுதக்கூடியவர்கள் அந்த அமைப்புகளைக் கட்டுகின்ற தமிழ்ப் பொறியாளர்களே.