லாரியில் எத்தனை பயணிகள்?

பைத்தான் மொழியில் நிரல் எழுதப் பழகும் மாணவரா நீங்கள்? அப்படியானால் 'அட்ரிபியூட் எரர்' என்ற பிழைச்செய்தி உங்களுக்குப் புதிதாக இராது. "இந்தப் பொருளுக்கு இப்படியொரு பண்பு இல்லை" என்பது அதன் பொருள். தனித்தனியே சோதித்தபோது ஒழுங்காக ஓடிய இரண்டு வகுப்புகள், ஒன்றையொன்று அழைக்கத் தொடங்கியதும் இச்செய்தியோடு நின்றுவிடும். இச்சிக்கல் நேற்று முளைத்ததன்று; வகுப்பு என்ற கருத்துடனேயே பிறந்தது.

பிறந்த ஊர் நார்வேயின் தலைநகர் ஆஸ்லோ. அங்குள்ள நார்வே கணிப்பு மையத்தில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே-யோஹான் டால் என்ற இரு அறிஞர்கள் சிமுலா 67 என்ற மொழியை வகுத்துக்கொண்டிருந்தனர். அப்போது அவர்கள் விரும்பி எடுத்துப் பேசிய எடுத்துக்காட்டு மிக எளியது: ஒரு பாலம், அதில் ஒரு சுங்கச்சாவடி, அதன் முன்னே வரிசையாக லாரிகளும் பஸ்களும்.

வரிசை ஒன்றே, நிற்பவை ஓரினமல்ல. லாரிக்குச் சுமை உண்டு, பஸ்ஸுக்குப் பயணிகள் உண்டு. 'வாகனம்' என்ற பொது வகுப்பு, அதிலிருந்து கிளைக்கும் லாரி, பஸ் என்ற உள்வகுப்புகள் என்று பிரித்தால் இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தலாம். சரி, முன்னால் நிற்கும் வாகனத்திடம் "எத்தனை பயணிகள்?" என்று கேட்கிறோம். அது லாரியாக இருந்துவிட்டால்?

பிரிட்டிஷ் அறிஞர் டோனி ஹோரின் கருத்தைத் தழுவி, அவர்கள் கண்டிப்பான வழியை மேற்கொண்டனர். ஒரு பெயர் எவ்வகுப்பைச் சுட்டும் என்று முன்னரே அறிவித்தாக வேண்டும். 'வாகனம்' என்று அறிவித்த பெயரிடம் பயணிகளைக் கேட்டால், நிரல் ஓடுமுன்பே கம்பைலர் மறுத்துவிடும். ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. பெயர் எதையுமே சுட்டாமல் வெறுமையாக இருக்கலாம். அந்த வெறுமைக்குச் சிமுலாவில் 'நன்' என்று பெயர். இதே போன்ற வெற்றுச் சுட்டை 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் புகுத்திய ஹோர், 2009-இல் அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று சொல்லி வருந்தினார்!

1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் கைடோ வான் ராசம் எழுதத் தொடங்கி, 1991-இல் வெளியிட்ட பைத்தான் இவ்வளவு கண்டிப்பானதல்ல. அறிவிப்பு வேண்டாம், பெயர் எதையும் சுட்டலாம். பண்பு உண்டா இல்லையா என்பது கேட்கும் கணத்தில்தான் தெரியும். எழுதுவது எளிது, அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் அந்தப் பிழைச்செய்தி.

ஆகவே அது காட்டும் வரியையே முறைத்துக்கொண்டிராதீர்கள். அது கேள்வி கேட்ட இடம் மட்டுமே; தவறான வாகனம் வரிசைக்குள் நுழைந்த இடம் பெரும்பாலும் வேறு. செய்தியிலுள்ள வகுப்பின் பெயரை முதலில் படியுங்கள். 'நன்டைப்' என்றிருந்தால், ஏதோ ஒரு செயற்கூறு 'ரிட்டர்ன்' இல்லாமல் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். 'பஸ்' என்றே இருந்தால் எழுத்துப்பிழையோ, 'செல்ஃப்' விடுபட்டதோ காரணமாகலாம். இவற்றைவிட ஏமாற்றுவது இன்னொன்று. வண்டி எண்ணைப் பதிவது 'வாகனம்' வகுப்பின் 'இனிட்'. பஸ் தனக்கென ஓர் 'இனிட்' வைத்துக்கொண்டு, 'சூப்பர்' வழியாகத் தாய் வகுப்பினுடையதை அழைக்க மறந்துவிட்டது என்று கொள்வோம். பஸ் பிழையின்றி உருவாகும், வரிசையிலும் நிற்கும். சாவடி வண்டி எண்ணைக் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

2015-இல் வந்த பைத்தான் 3.5, பெயருக்கருகே வகுப்பைக் குறித்துவைக்கும் முறைக்கு இடமளித்தது. பைத்தான் தானாக அதைச் சரிபார்ப்பதில்லை; விரும்புவோர் மைபை போன்ற கருவியை ஓடவிடலாம். லாரியிடம் பயணிகளைக் கேட்கும் வரியை அது முன்கூட்டியே காட்டிவிடும். 'நன்' வரக்கூடும் என்று குறித்திருந்தால் அந்த ஓட்டையையும் சேர்த்தே காட்டும்.