கிளெர்க்ஸ் (1994)

கெவின் ஸ்மித் எழுதி இயக்கிய அமெரிக்கக் கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படம். நியூஜெர்சி மாநிலம் லியனார்டோவில் தாம் வேலைபார்த்த கடையிலேயே, கடை அடைத்தபின் இரவுகளில், 16 மி.மீ. பிலிமில் ஸ்மித் இதை எடுத்தார். செலவு 27,575 டாலர். வெளியே இருப்பது இரவு என்று தெரியாதிருக்க ஷட்டரை மூடினார்கள்; கதை நடக்கும் பகலிலும் அது மூடிக் கிடப்பதற்கு, பூட்டில் யாரோ சூயிங்கம் திணித்துவிட்டதாகக் கதையே காரணம் சொல்கிறது. கைப்பணத்தின் நெருக்கடியைக் கதைக்குள் இழுத்துக்கொண்ட அருமையான உத்தி இது.

இப்படத்தைப் பிழைக்கவைத்தது சன்டான்ஸ் திரைப்பட விழாவும் மிராமாக்ஸ் விநியோக நிறுவனமும்தான் என்பர். கதவைத் திறந்தவர்கள் அவர்களே, மறுப்பதற்கில்லை. ஆனால் அமெரிக்கத் திரையரங்குகளில் வசூல் சுமார் 30 லட்சம் டாலர்தான். போட்ட பணத்துக்கு அது பெரிது, பார்வையாளர் எண்ணிக்கையாகப் பார்த்தால் சிறிது. ரசிகர் கூட்டம் பெருகியது வாடகை வீடியோ கேசட்டுகளால். ஏறக்குறைய முழுவதும் பேச்சாலேயே நகரும் படம் சிறிய திரையில் எதையும் இழப்பதில்லை. வசனங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கவும் முடிகிறது.

முதல் வடிவில் நாயகனான கடை ஊழியன் டான்டே கொள்ளையனால் சுடப்பட்டு இறக்கிறான். திரையரங்கப் பிரதியில் அது வெட்டப்பட்டது. 2004 டிவிடி தொகுப்பு அந்த வடிவையும் தந்தது. வெட்டியதை வெறும் விநோதப் பொருளாக ஒதுக்குவது தவறு. அந்தக் கொலையோடு பார்த்தால், கழிப்பறையில் முதியவர் இறப்பதும் ஈமச்சடங்கில் சவப்பெட்டி கவிழ்வதும் முன்னறிகுறிகளாகின்றன. ஆயினும் வெட்டியதே சரி: மறுநாளும் அவன் அதே கல்லாவில் நிற்க வேண்டியிருப்பது, சாவைவிட இக்கதைக்குப் பொருத்தமான துயரம்.