யாழ்ப்பாணத்து மண்வீடும் அதன் உழைப்பும்

சுற்றாடலுக்கு இசைவான வீடு என்னும் கருத்து வலுப்பெற்றுவரும் இக்காலத்தில், யாழ்ப்பாணத்துப் பழைய மண்வீட்டைப் பற்றிய புகழ்ச்சியும் பெருகியுள்ளது. மண்சுவர், பனையோலைக் கூரை, சாணத்தால் மெழுகிய நிலம், கிடுகுவேலி ஆகியன முன்னோரின் இயற்கையறிவுக்குச் சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. அத்தகைய அறிவு இருந்தது மெய்யே. ஆயின் அது எவர் கைகளில் இருந்தது, எந்த உற்பத்தி உறவுகளுக்குள் தொழிற்பட்டது என்னும் வினா எழுப்பப்படுவது அரிது.

ஆறுகளற்ற, சுண்ணக்கற் பாறைமீது அமைந்த குடாநாட்டிலே பெருங்காடுகள் இல்லை. ஆதலின் வீட்டுக்குரிய மரமும் கூரையும் பனையிலிருந்தே பெறப்பட்டன. முதிர்ந்த பனையின் வைரம் வளையாகவும் சிலாகையாகவும் அறுக்கப்பட்டது. ஓலை கூரைக்கும் வேலிக்கும் பயன்பட்டது. உக்கிய ஓலை வீசப்படவில்லை. தோட்டத்து மண்ணிலே பசளையாகத் தாழ்க்கப்பட்டது. வேலியிற் கதியாலாக நடப்பட்ட கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்பன ஆட்டுக்குக் குழையும் நிலத்துக்குத் தழைப்பசளையும் அளித்தன. வீடும் தோட்டமும் ஒன்றையொன்று பேணிய இவ்வமைப்பின் சிறப்பை மறுப்பதற்கில்லை.

ஆயினும் ஓலை தானாக மரத்திலிருந்து இறங்குவதில்லை. பனையேறி அதனை வெட்டியோரும், நிலவுடைமையாளரின் கூரைகளை வேய்ந்தோரும் பெரும்பாலும் அடிமை குடிமை முறைக்குட்பட்ட அடிநிலைச் சாதியினரே. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பிறர் காணியிலே குடியிருக்கும் நிலை ஒழியவில்லை. குடியிருக்கும் உரிமைக்கு ஈடாக உழைப்பைச் செலுத்தும் கடப்பாடு அதனோடு தொடர்ந்தது. சில ஆண்டுகளுக்கொருமுறை புதிதாக வேயவேண்டிய கூரை 'மலிவானது' எனக் கொள்ளப்பட்டதன் இரகசியம் இதுவே: அதற்குரிய கூலி முழுமையாகக் கொடுக்கப்படவில்லை. நிலம் மெழுகுதலும் இத்தகையதே. சாணங் கரைத்துக் குனிந்து மெழுகிய பெண்ணின் உழைப்பை எந்தக் கணக்கும் பதிந்ததில்லை. (இன்றைய புகழுரைகளிலும் நிலம் குளிர்ச்சியாக இருக்கிறது, மெழுகியவளைக் காணோம்.)

மண்ணும் ஓலையும் அனைவருக்கும் ஒரே பொருளுடையனவாகவும் இருக்கவில்லை. நாற்சார் வீடு கட்டக்கூடியவனுக்கு ஓலைக்கூரை ஒரு தெரிவு. பிறர் காணியிற் குடிசையிட்டவனோ எந்நேரமும் எழுப்பப்படக்கூடியவன். கல்லால் அத்திவாரமிட அவனுக்கு வழியேது? சாதிக் கலவரங்களிலே தீக்கிரையானவையும் இவ்வோலைக் குடிசைகளே. எனவே ஓடும் சீமெந்தும் வெறும் மேனாட்டு மோகத்தால் வந்தன எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றோர் அனுப்பிய பணம், யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் கல்வீடுகளாக எழுந்தது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அடிநிலை மக்களுக்குச் சீமெந்து நிலமானது, காணி தன்னுடையது என்பதன் அடையாளமாயிற்று.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. சீமெந்துக்காக அகழப்பட்ட சுண்ணக்கல்லே குடாநாட்டின் கிணற்று நீரைத் தாங்கிநிற்கும் கல்லுமாகும். 1990இல் போரினால் தொழிற்சாலை இயங்காது நின்றது. அகழ்ந்த பெருங்குழிகள் எஞ்சின. பனைகளும் போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்காகப் பெருமளவில் தறிக்கப்பட்டன. ஆகவே பழைய வீட்டை மீட்க விரும்புவோருக்கு மரமே தட்டுப்பாடாகவுள்ளது.

போரின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் திட்டம் 2016இல் கடும் விவாதத்துக்குள்ளாயிற்று. அவை எமது வெப்பத்துக்கு ஒவ்வாதவை, செலவு கூடியவை, உள்ளூர் மேசன்மாருக்கும் தச்சருக்கும் வேலை தராதவை என எதிர்த்தோர் வாதிட்டனர். சுற்றாடல், உழைப்பு ஆகிய இரண்டையும் ஒருங்கே எழுப்பிய அவ்வெதிர்ப்பிலே மாற்றாகக் கோரப்பட்டது மண்வீடன்று, கல்வீடே.