சோனகத் தெருக் கஞ்சி

சென்ற நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் ஹலீம் சமைத்தோம். யாழ்ப்பாணத்தில் கோதுமை என்றால் நாங்கள் மாவைத்தான் நினைப்போம். பாணும் பிட்டும் இடியப்பமும் அந்த மாவிலேதான். முழுக் கோதுமைக்கு மூன்று கடை ஏறி இறங்க வேண்டியதாயிற்று. இரவு முழுதும் ஊறவைத்த கோதுமையோடு கடலைப் பருப்பையும் உழுந்தையும் வேகவைத்து, எலும்போடு வெந்த ஆட்டிறைச்சியை உதிர்த்துச் சேர்த்து, மத்தால் கடைந்துகொண்டே இருந்தோம். காலையில் ஏற்றிய பானை மாலையில்தான் இறங்கியது. அவசரக்காரர் இதன் பக்கம் போகாதிருப்பது நல்லது. முற்றிய இறைச்சியின் தசைநார் கரைந்து பசையாகவும், கோதுமையின் மாப்பொருள் அதைப் பிடித்துக்கொள்ளவும் அத்தனை நேரம் தேவை.

அம்மா ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துவிட்டு, "உது எங்கட கூழ்தானே தம்பி, மீனுக்குப் பதிலா ஆடு" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒடியற் கூழும் ஒரே பானையில் பலதும் கரைந்து, பலர் சுற்றியிருந்து பலாவிலை மடித்துக் குடிப்பதுதான். ஆனால் அம்மா கூழை நினைத்து அதைச் சொல்லவில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

'ஹரஸ' என்ற அரபு வினைக்கு இடித்தல், நசுக்குதல் என்று பொருள். கோதுமையும் இறைச்சியும் உருத் தெரியாமல் ஒன்றாகும்வரை இடிப்பதால் அந்த உணவு 'ஹரீஸா' ஆயிற்று. பத்தாம் நூற்றாண்டில் பக்தாத்தில் இப்னு சய்யார் அல் வர்ராக் தொகுத்த சமையல் நூலிலேயே அது இருக்கிறது. அக்பர் காலத்து 'ஆயினி அக்பரி' பத்துச் சேர் இறைச்சிக்கு ஐந்து சேர் இடித்த கோதுமை என்று அளவே தருகிறது. அதே பட்டியலில் ஹலீம் தனியாக வருகிறது. அதிலே கடலையும் கீரையும் கிழங்கும் சேர்கின்றன. அரபு நாட்டுப் பண்டம் இந்தியப் பருப்போடு உறவு கொண்டதை இந்த இரண்டு குறிப்புகளையும் அடுத்தடுத்து வாசித்தாலே காணலாம். ஹைதராபாத்தில் நிஜாமின் அரபுப் படையினர் குடியிருந்த பார்க்காஸ் என்ற பகுதியில் இன்றும் பருப்பில்லாத பழைய ஹரீஸ் கிடைக்கிறது. படைக் குடியிருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபே அந்த ஊர்ப் பெயர். ஹைதராபாத் ஹலீமுக்கு 2010 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

காஷ்மீரத்திலோ ஹரீஸாவை அரிசியில் செய்கிறார்கள். மலபாரில் அது 'அலீஸா' என்று நாக்குக்கு இசைந்துகொண்டது. பண்டங்கள் ஊருக்கு ஊர் தானியத்தை மாற்றிக்கொள்ளும். ஆகவே, அரிசியும் ஆட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்து குழைந்த எங்கள் சோனகத் தெரு நோன்புக் கஞ்சியை இந்தக் குடும்பத்தின் தூரத்து உறவாகவே நான் கருதுகிறேன்.

அம்மா நினைத்தது அந்தக் கஞ்சியைத்தான். அப்பாவின் நண்பர் ஒருவர் சோனகத் தெருவில் தையற்கடை வைத்திருந்தார். நானா என்றுதான் நாங்கள் எல்லோரும் அவரை அழைப்போம். நோன்பு காலத்தில் அவர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி வரும். சட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்ப அம்மா விடமாட்டார். பணியாரமோ மாம்பழமோ போகும். 1990 இல் நோன்பு மார்ச் கடைசியில் தொடங்கியது. அந்த ஆண்டும் கஞ்சி வந்தது.

அதே ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். நகையும் பொருளும் பறிக்கப்பட்டன. வட மாகாணம் முழுவதிலிருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த மாதத்தில் துரத்தப்பட்டனர். எனக்கு அப்போது பத்து வயது. செய்தி வந்ததும் அப்பா சைக்கிளை எடுத்தார். படலை வரை உருட்டிக்கொண்டு போனார். பிறகு திருப்பி வந்து சுவரில் சாத்திவிட்டார். அதைப் பற்றி அவர் கடைசிவரை பேசவேயில்லை. நாங்களும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்து வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சங்கிலியனையும் பறங்கியரையும் விரிவாகச் சொல்லுகிறோம். அந்த இரண்டு மணி நேரத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறோம். நானும் அப்படிக் கடந்தவன்தான்.

பாதை திறந்த பிறகு, 2003 நவம்பரில், நோன்பு மாதத்திலேயே புத்தளம் போனேன். நானா கிடுகு வேய்ந்த வீட்டில் இருந்தார். தையல் மெசின் வாசலோரம் கிடந்தது. அப்பா காலமானதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு சோனகத் தெரு வீட்டைக் கேட்டார். புறப்படுவதற்கு முதல்நாள்தான் அதைப் போய்ப் பார்த்திருந்தேன். கூரையும் இல்லை, கதவும் நிலையும் இல்லை, உள்ளே ஆமணக்கு முளைத்திருந்தது. 2009 க்குப் பின் அந்தத் தெருவுக்கு ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள், பள்ளிவாசலில் மறுபடியும் கஞ்சி காய்ச்சுகிறார்கள். ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் யார் கண்டது?

"இருக்கு நானா" என்றேன்.

"கிணத்தடி முருங்கை?"

"அதுவும் இருக்கு."

பாங்கு சொன்னது. அவர் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு, எனக்கு முதலில் கஞ்சி வார்த்தார். குடித்து முடிப்பதற்குள், கேளாமலே, இன்னொரு கிண்ணம் வார்த்தார்.