சோத்து மேல போடுற பழி

நெல்லு விக்கிறவன் அரிசியைப் பத்தி நல்லதாத்தானே சொல்லுவான்னு நீங்க நினைக்கலாம். அதனால முதல்லயே சொல்லிடுறேன், இந்தப் பதிவுல அரிசிக்கு வக்காலத்து வாங்க நான் வரல. கிணத்துப் பாசனத்துல கொஞ்சம் நெல்லு, மானாவாரியில சோளமும் நிலக்கடலையும். இதுதான் நம்ம வெள்ளாமை. நீங்க எதைத் தின்னாலும் அதை ஏதோ ஒரு காட்டுல எவனோ ஒரு சம்சாரி விளைவிச்சுத்தான் ஆகணும்.

நகரத்துல இருந்து அரிசி வாங்குற நண்பர்கள் கொஞ்ச வருஷமா ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க. "சோத்தை நிறுத்திட்டேன், பேலியோவுல இருக்கேன். இது நல்லதா? காலம் பூரா இப்படியே இருக்கலாமா?" இன்னும் சிலர் ஒரு படி மேல போய், "அந்தக் காலத்துல நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் மாவுச்சத்தே திங்கல, அதனாலதான் சுகர் இல்ல"ங்கறாங்க.

நான் டாக்டர் இல்ல. ஆனா இந்தக் கேள்விக்கு 160 வருஷத்து வரலாறு ஒண்ணு இருக்கு. அதுல பெரும்பகுதி நம்ம சென்னை மாகாணத்துலயே நடந்திருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா பதிலும் பாதி கிடைச்சிடும்.

லண்டன்காரர் ஒருத்தர்

மாவுச்சத்தைக் குறைச்சு உடம்பை இளைக்க வைக்கிறது நேத்து ஃபேஸ்புக்குல கண்டுபிடிச்ச சங்கதி இல்ல. லண்டன்ல வில்லியம் பான்டிங்னு ஒருத்தர் இருந்தார். இறுதி ஊர்வல ஏற்பாடு செய்யுறது அவங்க குடும்பத் தொழில். அரச குடும்பத்துச் சாவுக்கே அவங்கதான் செஞ்சிருக்காங்க. 1862ல அவருக்கு வயசு அறுபதைத் தாண்டியாச்சு, எடை 202 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 92 கிலோ. உயரமோ அஞ்சடி அஞ்சு அங்குலத்தை ஒட்டித்தான். குனிஞ்சு செருப்புக் கயிறு கட்ட முடியாது. மாடிப்படியில பின்பக்கமா இறங்குவார். காதும் மந்தமாச்சு.

காது டாக்டர் வில்லியம் ஹார்வி அவரைப் பார்த்துட்டு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பீர் எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னார். ஒரு வருஷத்துல பான்டிங் 46 பவுண்டு, ஏறக்குறைய 21 கிலோ இளைச்சார். சந்தோஷம் தாங்காம 1863ல அதை ஒரு சின்னப் புத்தகமா எழுதி வெளியிட்டார். அது பல பதிப்பு ஓடி, அவர் பேரே 'பத்தியம் இருக்கிறது'ங்கிற அர்த்தத்துல ஒரு வினைச்சொல்லாப் போச்சு. ஸ்வீடன் மொழியில இன்னைக்கும் அந்தச் சொல் உயிரோட இருக்கு.

அதுக்கப்புறமும் இது அப்பப்போ தலைகாட்டிக்கிட்டே இருந்துச்சு. இன்சுலின் வர்றதுக்கு முன்னாடி சர்க்கரை நோயாளிகளுக்கு மாவுச்சத்தை வெட்டுறதுதான் டாக்டர்கள் கையில இருந்த வழி. 1921ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல வலிப்பு நோய்க்காக கீட்டோ உணவு வந்துச்சு. 1972ல டாக்டர் அட்கின்ஸ் எழுதின புத்தகம் லட்சக்கணக்குல வித்துச்சு. இப்ப நம்ம ஊர்ல பேலியோ.

இதுல ஒண்ணைக் கவனிங்க. பான்டிங் வேளாவேளைக்கு இறைச்சியும் மீனும் தின்னார், கூட ஒயினும் குடிச்சார். ரொட்டியை எடுத்த இடத்துல வைக்க அவர்கிட்ட வேற பண்டம் இருந்துச்சு.

அதே காலத்துல நம்ம பக்கம்

பான்டிங் 1878ல, 81 வயசுல காலமானார். அவரோட கடைசி ரெண்டு வருஷமும் நம்ம பக்கம் தாது வருஷப் பஞ்சம். 1876லேர்ந்து 1878 வரைக்கும் தெக்கத்திச் சீமையே காஞ்சு கிடந்தது. ஜனங்க லட்சக்கணக்குல செத்தாங்க.

பஞ்ச நிவாரணத்துக்குன்னு ரோடு போடுறது, ஏரி, கால்வாய் வெட்டுறதுன்னு வேலை குடுத்தாங்க. 1877ல ஆங்கிலேய அரசாங்கம் அனுப்பின ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைக்கணும்னு கூலியைக் குறைச்சார். வேலை செய்யுற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு ஈடான கூலி, மேல சில்லறைக் காசு. ஒரு பவுண்டுன்னா 450 கிராம். நாள் பூரா மண்ணு சுமக்கிறவனுக்கு அவ்வளவுதான்.

சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையரா இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து நின்னார். அளவு பத்தாதுங்கறது ஒண்ணு. வெறும் தானியத்தை வச்சு மனுசன் வாழ முடியாது, பருப்பு வேணும், காய்கறி வேணும்ங்கறது ரெண்டாவது. லண்டன்ல ஒருத்தர் ரொட்டியை விட்டா உயிர் பிழைக்கலாம்னு எழுதி 14 வருஷம் ஆகியிருந்தது. இங்க வெறும் தானியத்துல உயிர் நிக்குமாங்கிறதுதான் வழக்கு.

குன்னூர் எலிகள்

இதே வழக்கு நாப்பது வருஷம் கழிச்சு நீலகிரி மேல ஏறுச்சு. 1918ல குன்னூர் பாஸ்டர் நிலையத்துல ராபர்ட் மெக்கரிசன்னு ஒரு டாக்டர் பெரிபெரி நோயைப் பத்தி ஆராய்ச்சி ஆரம்பிச்சார். பெரிபெரி வந்தா கால் மரத்துப் போகும், வீங்கும், இருதயம் நின்னு போகும். அரிசியைத் தீட்டித் தீட்டித் தவிட்டை எடுக்கறதால வர்ற நோய் அது. தவிட்டுல இருக்கிற தயமின், அதாவது பி1 வைட்டமின் இல்லாம போறதுதான் காரணம். சென்னை மாகாணத்துல அந்த நோய் அதிகமா இருந்தது வடக்கே, தெலுங்குக் கரையோரத்துல. அங்க தீட்டின பச்சரிசிதான் சாப்பாடு. புழுங்கலரிசி தின்ன நம்ம ஜனங்க பெரும்பாலும் தப்பிச்சாங்க. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டுச் சத்துல ஒரு பங்கு அரிசிக்குள்ள இறங்கிடும். நம்ம பாட்டிமார் நெல்லு அவிச்சது எவ்வளவு பெரிய காரியம் பாருங்க.

மெக்கரிசன் இன்னொண்ணும் செஞ்சார். இந்தியாவுல ஒவ்வொரு பகுதி ஜனங்களும் சாப்பிடுற சாப்பாட்டை எலிக்கு வச்சுப் பார்த்தார். பஞ்சாபி சீக்கியர் சாப்பாடு தின்ன எலிங்க நல்லா வளர்ந்துச்சு. மெட்ராஸ் சாப்பாடு தின்ன எலிங்கதான் கடைசி.

இதை வச்சு "பாத்தியா, அரிசிதான் வில்லன்"னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா சீக்கியர் தட்டுல என்ன இருந்துச்சு? முழுக் கோதுமைச் சப்பாத்தி. அதுவும் மாவுச்சத்துதான்! வித்தியாசம் பக்கத்துல இருந்தது. பால், வெண்ணெய், பருப்பு, கீரை, காய், எப்பவாவது கறி. மெட்ராஸ் தட்டுல சோறு மலையா இருந்துச்சு, பக்கத்துல இருந்தது சொற்பம். குன்னூர் ஆராய்ச்சிக்கூடம்தான் 1958ல ஐதராபாத்துக்குப் போய், பின்னாடி தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆச்சு.

பாட்டன் என்ன தின்னார்?

சரி, "பாட்டன் மாவுச்சத்தே திங்கல"ங்கிற கதைக்கு வருவோம். எங்க பக்கம் மானாவாரிச் சீமை. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும், இல்ல விருந்தாளி வந்தா. மத்த நாளெல்லாம் கம்மஞ்சோறு, ராகிக்களி, சோளச்சோறு. அதுவரைக்கும் சரி.

ஆனா கம்பும் ராகியும் மாவுச்சத்து இல்லாத பண்டமா? 100 கிராம் அரிசியில கிட்டத்தட்ட 78 கிராம் மாவுச்சத்து. கம்புலயும் ராகியிலயும் 60லேர்ந்து 70 கிராம். ஒரு பெரிய களி உருண்டையைத் தின்ன ஆளு நிச்சயமா லோ கார்ப் ஆளு இல்ல. தின்னதை அன்னைக்கே ஏர் ஓட்டியும், கவலை இறைச்சும், களை வெட்டியும் தீர்த்துட்டார். அதோட நார்ச்சத்து கூட, தவிடு போகாத தானியம்.

இதையெல்லாம் விட முக்கியமானது காட்டுல இருக்கு. எங்க பெரியவங்க சோளத்தை மட்டும் தனியா விதைச்சதில்ல. சோளத்துக்குள்ள தட்டை, கம்புக்குள்ள பாசி, கடலைக்குள்ள துவரை, வேலியில அவரை, மொச்சை. நெல்லு வெளையுற சீமையிலகூட வரப்புல உளுந்து. காட்டுல தானியத்துக்குப் பக்கத்துல பயறு இருந்ததால, தட்டுலயும் களிக்குப் பக்கத்துல பயத்தங்குழம்பு இருந்துச்சு. தானியத்துப் புரதத்துல லைசின்ங்கிற சத்து கம்மி. பயறுல அது அதிகம். ரெண்டும் சேந்தாத்தான் புரதம் முழுசாகும். இது நிலத்துக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

அதுக்காக அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல மாட்டேன். மழை பொய்ச்சா களியும் இல்ல. கூலிக்காரங்க வீட்டுல வெறும் கூழும் பச்சை மொளகாயும்தான் பல நாள்.

தட்டு எப்படிக் காலியாச்சு?

1960கள்ல நாட்டுல உணவுப் பஞ்சம். 1967 தேர்தல்ல 'ரூபாய்க்கு மூணு படி அரிசி'ங்கிற வாக்குறுதி ஆட்சியையே மாத்துச்சு. குட்டை ரக நெல்லு வந்துச்சு, உரம் வந்துச்சு, மோட்டார் வந்துச்சு. மில்லுல வெள்ளையா தீட்டின அரிசி ஏழை வீட்டுக்கும் வந்துச்சு. 2008ல கிலோ ஒரு ரூபாய், 2011லேர்ந்து ரேஷன்ல இலவசம். அந்த அரிசியைக் கேலி பேசுறவங்களுக்குப் பசி தெரியாது. எங்க ஊர்ல பசியில படுத்த வீடு இன்னைக்கு இல்லைன்னா அந்த அரிசிக்கு அதுல பெரிய பங்கு உண்டு.

ஆனா அரிசி ஏறின வேகத்துல பயறு இறங்கிடுச்சு. இந்தியாவுல ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைச்ச பருப்பு 1951ல சுமார் 60 கிராம். 2001ல சுமார் 30 கிராம். சரிபாதி! அப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கு. தமிழ்நாட்டுல 2007லேர்ந்து ரேஷன்ல துவரம்பருப்பு குடுக்கறாங்க, ஒரு குடும்பத்துக்கு மாசம் ஒரு கிலோ. நாலு பேர் இருக்கிற வீடுன்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம்தான் வரும்.

காட்டுலயும் அதே கதை. தண்ணி வந்ததும் ஒரே பயிர். களைக்கொல்லி அடிச்சா ஊடால இருக்கிற தட்டையும் சேந்து செத்துப் போகும்னு ஊடுபயிரையே விட்டாச்சு. ஏருக்குப் பதிலா டிராக்டர், அறுப்புக்கு மெஷின். உழைப்பு போச்சு, பயறு போச்சு, தவிடு போச்சு. சோத்தோட அளவு மட்டும் அப்படியே இருக்கு. அதனாலதான் சுகர் இப்ப நகரத்து நோய் மட்டும் இல்ல. எங்க தெருவுலயே மாத்திரை டப்பா இல்லாத வீடு கம்மி.

அப்ப சோத்தை நிறுத்தலாமா?

இந்தியர்கள் சராசரியா கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துலேர்ந்து எடுக்குறாங்கன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட பெரிய ஆய்வு 2025ல சொல்லுச்சு. இது ரொம்ப அதிகம், குறைக்கணும். அந்த அளவுல பேலியோக்காரங்க சொல்றது நியாயம். இன்னொண்ணும் அதே ஆய்வுல இருக்கு. அரிசிக்குப் பதிலா அதே அளவு கோதுமையோ சிறுதானியமோ தின்னா பெருசா பலன் இல்லையாம். மொத்த அளவைக் குறைச்சு, அந்த இடத்துல பயறு, பால், முட்டை மாதிரி புரதம் வந்தாத்தான் பலன். சிறுதானியம் விக்கிறவனான நானே இதைச் சொல்றேன்.

ஆனா அடியோட நிறுத்தறது வேற சங்கதி. 2018ல ஸ்டான்ஃபோர்டுல 609 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு மாவுச்சத்தையும் மறு பாதிக்குக் கொழுப்பையும் குறைச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கமும் இளைச்சது கிட்டத்தட்ட ஒரே அளவுதான், அஞ்சு ஆறு கிலோ. ரெண்டு பேருக்கும் சர்க்கரையையும் மைதாவையும் விடச் சொல்லியிருந்தாங்க. அதே 2018ல வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, சுமார் 15,000 பேரை 25 வருஷம் கவனிச்சது. கலோரியில பாதி அளவு மாவுச்சத்து எடுத்தவங்கதான் அதிக நாள் இருந்தாங்க. 40 சதவீதத்துக்குக் கீழ போனவங்களுக்கும், 70ஐத் தாண்டினவங்களுக்கும் ஆயுசு குறைவு. கீழ போனவங்கள்லயும் கறியால நிரப்பினவங்களை விட பயறு, கொட்டைகளால நிரப்பினவங்க தேவலை. கவனிச்சுப் பார்த்ததுதான், கல்வெட்டு இல்ல. ஆனா கார்னிஷும் மெக்கரிசனும் சொன்னதோட ஒத்துப் போகுது.

டாக்டர் பார்வையில, ஒரு காரணத்துக்காக, ஒரு காலத்துக்கு லோ கார்ப் இருக்கிறது பலருக்கு நல்லாவே உதவுது. ஆனா இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுக்கறவங்க, டாக்டர்கிட்ட சொல்லாம சோத்தை நிறுத்தாதீங்க. சர்க்கரை திடீர்னு கீழ விழுந்தா உயிருக்கே ஆபத்து. கிட்னி கோளாறு உள்ளவங்களும் கேட்டுட்டுத்தான் செய்யணும். மத்தபடி எல்லாருக்கும், காலம் பூராவுக்கும் அதைச் சமச்சீர் உணவுன்னு என்னால சொல்ல முடியல.

நான் சொல்றது இதுதான். இன்னைக்கு வைக்கிற சோத்துல பாதியை எடுங்க. அந்த இடத்துல ஒரு கரண்டி தட்டைப்பயறோ மொச்சையோ கொள்ளோ, ஒரு கை கீரை, ஒரு முட்டை, ஒரு டம்ளர் மோர். பாதாமும் பனீரும் வாங்க முடியாத வீட்டுலயும் இது நடக்கும். நீங்க கிலோ கணக்குல பயறு கேக்க ஆரம்பிச்சா, நாங்க மறுபடி சோளத்துக்குள்ள தட்டை விதைப்போம். இந்த ஆடிப்பட்டத்துக்கு நான் ஒரு ஏக்கர் அப்படித்தான் போடப் போறேன். விளைஞ்சதும் எழுதுறேன்.